அரைப்பேர்

நளீம் நானா கடையின் மேல்மாடி.
கீழே போட்டோ கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம்.
மேலே நானும் எழுபத்தெட்டு டேரட் சீட்டும்
பண்டாரவளைப் பனி நுழைகிற ஒரு ஜன்னலும்.
"வெலைய எழுதிக் குடுங்க தங்கச்சி,
லேமினேட் பண்ணி ஒட்டிர்றேன்" என்றார்.
மூன்று நாளாக வெறுந்தாள்.

போன மாதம் நிமிஷக் கணக்கு.
வந்தவர்கள் சீட்டைப் பார்க்கவில்லை,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
ஒருத்தர் மூச்சுவிடாமல் பேசி
கேள்வியைச் சொல்லாமலே எழுந்துபோனார்.

சீட்டுக்கு இவ்வளவு என்றால்
என் கையை எனக்கே நம்ப முடியாது.
மூன்றில் முடிவதைப் பத்துக்கு இழுக்கும்,
தலைவலிக்கு ஸ்கேன் எழுதுகிற ஆஸ்பத்திரி மாதிரி.

கேள்விக்கு இவ்வளவு?
யாரிடம் இருக்கிறது ஒற்றைக் கேள்வி?
"மகனுக்குக் கட்டார் விசா வருமா?"
அதன் மடியில்
அடகில் இருக்கும் தோடு,
ஏஜென்சிக்காரன் எடுக்காத போன்,
போனால் திரும்பி வருவானா.
எதற்கு ரசீது எழுதுவது?

கோயில் ரோட்டில் சாத்திரம் பார்க்கிற ஐயா
வெற்றிலையில் மடித்துத்தான் வாங்குவார்.
"வெலை சொன்னா வாக்குப் பலிக்காது பிள்ளை."
அவருக்குச் சொந்த வீடு.

அதையும் செய்து பார்த்தேன்: விரும்பியதைத் தாருங்கள்.
எல்ல ரயிலுக்கு ஓடுகிற வெள்ளைக்காரப் பெண்
என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.
மரக்கறி லொறி முதலாளி நூறு ரூபாய் வைத்தார்:
"தாளைத்தானே கலைச்சீங்க."
ஞானசௌந்தரி,
பால்மா பைக்கற்றில் மடித்து வைத்த நோட்டுகளை
நான் போதும் என்கிறவரை எண்ணினாள்.
நான் சொல்லப் பிந்திவிட்டேன்.

அன்றிரவு எனக்கென்று ஒரு சீட்டு எடுத்தேன்.
ஆறு காசு.
சிவப்பு அங்கிக்காரன், ஒரு கையில் தராசு;
முழங்காலிட்ட இருவருக்குச் சில்லறை போடுகிறான்.
புத்தகம் இதைத் தர்மம் என்கிறது.
கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றவளுக்கு
தராசு பிடித்தவனின் முகம் வேறு மாதிரித் தெரியும்.
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று,
ஏன் என்றால் இன்னொன்று.
ஏழு மாதம் நானும் கூடை போட்டவள்.
ஒரே கிலோ குறைந்து
அரைப்பேர் விழுந்த நாள்களின் தேதி
இன்றைக்கும் ஒப்பிப்பேன்.

விடியப்புறம் எழுதினேன்:

அரை மணி. ஆயிரத்து ஐந்நூறு. காசு முதலில்.
கோபுரம் இடிந்து விழுந்தபின் யாரும் தருவதில்லை,
சூரியன் வந்தால் கூடவே தந்துவிடுகிறார்கள்.
எனக்குப் பொய் சொல்ல ஆசை வரக்கூடாது.
(இதை எழுதி, பிறகு வெட்டினேன்.)
அழுகிற நேரம் கணக்கில் வராது.
ஈரத்துக்குக் கழிவு இல்லை.
அதே கேள்வியோடு மூன்றாம் முறை வந்தால் இரட்டிப்பு,
நாலாம் முறை கதவு பூட்டியிருக்கும்.
செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்கு
அரைப்பேர்ச் சம்பளம்.

சம்பளம் கூடினால் என் விலையும் கூடும்.
இனிமேல் கொழும்புப் பேச்சுவார்த்தையை
நானும் ரேடியோவில் கேட்க வேண்டும்.

நானா வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.
"வீட்டுக்காரனுக்கு? வாடகையில கழிக்கலாமா?"
"முழு வெலை நானா."
சிரிக்காமல் மெஷினைச் சூடாக்கப் போட்டார்.

போயா லீவுக்கு ஞானசௌந்தரி வந்தாள்.
மளமளவென்று வாசித்துக்கொண்டு போனவள்
கடைசி வரியில் விரலை ஊன்றினாள்.
"இங்க அரைப்பேருக்கு எத்தன கிலோ?
பறிக்கிறது யாரு, நானா நீங்களா?"

நான் கலைத்துக்கொண்டே இருந்தேன்.
ஒரு ரூபாய் கூடாமல், குறையாமல்
அவள் எண்ணி வைத்த காசு
மேசை நடுவில்.
கட்டை நீட்டினேன்.
உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்துவிட்டு
வெட்டினாள்.